அலமாரிக்குள் ஒரு பல்ப்

வருஷம் முழுக்கப் புழுங்கும் தீவுத் தலைநகர் சுவாவில் ரூம் ஹீட்டர் வாங்கிய ஒரே பெண் கம்லாதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சமபுலாவில் அவள் தெருவே சிரித்தது. ஆனால் இது நடந்தது. பக்கத்து வீட்டு யோகேந்திரா இன்றைக்கும் அவள் வீட்டுப் பின்னறை ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. மே மாதம் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்க நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். டவுனில் இந்தியர் கடைகள் எரிந்தன. விசா கிடைத்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள். கம்லாவின் கணவர் தேவேந்திராவும் பிரிஸ்பேன் போய் வேலை தேடிக்கொண்டார். கம்லா என்ன செய்தாள் தெரியுமா? ஊரே வீட்டை விற்றுவிட்டு ஓடும்போது, இவள் தன் சேமிப்பையெல்லாம் போட்டு வீடு வாங்கினாள்.

"எங்க தாத்தாவைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல ஏமாத்திக் கொண்டாந்தாங்க. இப்ப என்னைப் பிளேன்ல விரட்டுவாங்களா? நான் போவலே" என்றாள். அவ்வளவுதான் அவள் அரசியல்.

வீடு பொன்சாமி என்பவருடையது. எண்பத்தேழில் இதேபோல நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனவர். பின்னால் வாடகைக்கு இருந்தவர்கள் பின்னறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். கம்லா திறந்து பார்த்தாள். சுவரோடு கட்டிய அலமாரி. உள்ளே ஒரே ஒரு பழுப்புக் கோட்டு. அதற்கு மேலே ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

பல்ப் அவளுக்கு அதிசயம் இல்லை. சுவா மழையில் துணி பூஞ்சை பிடிக்கும். அதனால் எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு பல்ப் இரவும் பகலும் எரியும்; உள்ளே கை வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் கம்லா வீட்டு விஷயத்தில் கறார். தகரக் கூரைக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டினாள். மேற்கு ஜன்னலுக்கு மறைப்புக் கட்டினாள். யாரோ மறந்துபோன கோட்டுக்கு எதற்குக் கரண்ட் என்று பல்பைக் கழற்றிவிட்டாள்.

மறுநாள் பகலில் பின்னறை குளுகுளுவென்று இருந்தது. அங்கே கோடையான டிசம்பர் வெயிலில் தெருத் தார் உருகியது. கம்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளித்தாள் வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் சொன்னாள். மத்தியானத் தூக்கத்துக்குக் கட்டிலை அங்கேயே போட்டாள்.

மூன்றாம் நாள் தலைக்குத் தடவத் தேங்காயெண்ணெய் எடுத்தாள். பாட்டிலைக் கவிழ்த்தாள். விழவில்லை. வெள்ளையாக, கல் மாதிரி உறைந்திருந்தது. சமையலறைப் பாட்டிலைப் போய்ப் பார்த்தாள். அது தண்ணீராக ஆடியது.

வெள்ளித்தாள் எண்ணெயை உறைய வைக்காது. அது அவளுக்கும் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் யோகேந்திராவைக் கூப்பிட்டாள். கிண்டல் பண்ணிக்கொண்டே உள்ளே போனான். வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன பையா?" என்று இந்தியில் முறை வைத்துக் கேட்டாள்.

"ஒயரிங் சரியா இருக்கு தீதி." செருப்பைத் தேடினான். "உள்ள யாரு இருமுறாங்க?"

சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அந்த வாரம் ஊரைக் காலி செய்த ஒரு நியூசிலாந்துக்காரர் வீட்டுச் சாமானைப் புல்வெளியில் பரப்பி விற்றார். யாரும் தொடாத ஹீட்டரைக் கம்லா தூக்கிவந்தாள். பின்னறையில் செருகினாள். கம்பி செக்கச்செவேல் என்று சிவந்தது. பக்கத்தில் கையை வைத்தாள்.

சூடே இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தேவேந்திரா.

"வீடு பார்க்க ஆளு வரான். வித்துட்டு வந்துரு. அங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். இந்த அறைக்குப் பயந்தால் வீடு போய்விடும். வீடு போனால் அவளும் பிளேன் ஏறத்தான் வேண்டும். அதை நினைத்ததும் பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது.

பகல் இரண்டு மணி. தெருவில் ஈ காக்கை இல்லை. பின்னறைக்குள் போனாள். மூச்சு புகையாக வந்தது.

கட... கட... கட...

அலமாரிக்குள்ளிருந்து. எலி இல்லை. குளிரில் பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"கடையைக் கொளுத்த வந்தவனையே வாசல்ல நின்னு பாத்தவ நான்" என்றாள். "நீ யாரா வேணா இரு. நான் போவ மாட்டேன்."

கட... கட... கட...

கதவை இழுத்தாள்.

கோட்டு நனைந்து தொங்கியது. தோளில் வெள்ளையாகப் பனித்தூள். இரண்டு கைகளும் மார்புக்குக் குறுக்கே இறுக்கக் கட்டியிருந்தன.

உள்ளே ஆள் இல்லை.

கம்லா ஓடவில்லை. ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தக் கைகளையே பார்த்தாள்.

"குளுருதா?" என்றாள்.

சத்தம் நின்றது.

பல்பை எடுத்துவந்தாள். கோட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஐஸ் மாதிரி ஒரு மூச்சு...

கையை இழுக்கவில்லை. அழுத்தித் திருகினாள்.

பல்ப் எரிந்தது.

கோட்டின் கைகள் மெல்ல... மெல்ல... அவிழ்ந்து தொங்கின.

பொழுது சாய்வதற்குள் அறையில் எல்லா வீட்டையும்போலப் புழுங்கியது. எண்ணெய் உருகிவிட்டது.

வக்கீலிடம் நம்பர் வாங்கி, எட்மன்டனில் இருக்கும் பொன்சாமியின் மகள் சுஷீலாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண்ணுக்கும் அப்பா பேசிய தமிழ் மிச்சம் இருந்தது.

"ஒங்க அப்பா கோட்டு ஒண்ணை இங்கயே விட்டுட்டீங்க. அனுப்பட்டா?"

"அப்பாவுக்கு அங்க ஏதுங்க கோட்டு?" சிரித்தாள் சுஷீலா. "எப்படி இருக்கு?"

"பழுப்பு. இடது பாக்கெட்டு கிழிஞ்சு வெள்ளை நூலால தச்சிருக்கு."

சுஷீலாவின் சிரிப்பு நின்றது.

"அது இங்க வந்து வாங்கினது" என்றாள். "பாக்கெட்டை நாந்தான் தச்சேன். மொத வருசம் பனிக்காலத்துல ஒரு நாள் வீட்டு ஹீட்டிங் நின்னு போச்சு. நாங்க எல்லாம் வேலையில. வந்து தேடுனா... கோட்டைப் போட்டுக்கிட்டு அலமாரிக்குள்ள உக்காந்திருக்காரு. நம்ம வீட்டு அலமாரி சூடா இருக்குமில்ல? அந்த நெனப்புல போயிருக்காரு. இங்க அலமாரில யாரும் பல்ப் போடறதில்லே."

கம்லா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"கை ரெண்டும் கட்டினபடியே வெறைச்சிருச்சு அக்கா. பிரிக்க முடியல. அந்தக் கோட்டோடதான் எரிச்சோம்."

அடுத்த வாரம் வீடு பார்க்க ஆள் வந்தான். கம்லா கேட்டைத் திறக்கவே இல்லை.

"விக்க மாட்டோம்" என்றாள்.

"தனியாத்தான இருக்கீங்க?" என்றான் அவன்.

கம்லா பின்னறைப் பக்கம் பார்த்தாள்.

"விக்க மாட்டோம்."