விளக்கு மூடியில் பென்சில் தேதி

14-7-1983, வியாழக்கிழமை தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. ஈப்போவுக்கு வெளியே நான் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த செருப்புத் தொழிற்சாலையில் ஒட்டியது. மலாயில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "கெட்டுப்போன குழல்விளக்குகளை உடைக்கக் கூடாது. புதியது வந்த அட்டை உறையிலேயே பழையதைப் போட்டு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது. உடைத்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும்."

இவற்றை ஒரு தடவை படித்தேன். கடைசி வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது: "யோசனை சொன்ன வயர்மேனுக்கு நிர்வாகத்தின் நன்றி."

அந்த வயர்மேனும் நானும் பாகான் செராய் பக்கம் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. கணக்கு, கையெழுத்து, வாசிப்பு எல்லாவற்றிலும் நான் முந்தி. ஆனால் அவன் வந்தால் கேண்டீனில் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். நான் வந்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள்.

குப்பை லாரிக்காரர்கள் குழல்விளக்கைத் தொட மறுத்ததுதான் தொடக்கம். உடைந்தால் கையைக் கிழிக்கும், உள்ளே இருக்கும் வெள்ளைத்தூள் விஷம் என்றார்கள். அதற்கென்று வந்த குத்தகைக்காரர் தனிக் கட்டணம் கேட்டார். உடைந்தது என்றால் இரட்டிப்பு. மேனேஜர் எங்களிடம் யோசனை கேட்டார். ஸ்டோர் சூப்பர்வைசர் ஓய்வுபெற இருந்த நேரம் அது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். மூன்று பக்கம் எழுதினேன். ஒவ்வொரு விளக்கின் உலோக மூடியிலும் மாட்டிய தேதி, கழற்றிய தேதி இரண்டையும் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். எது எத்தனை நாள் எரிந்தது என்று அட்டவணையே போட்டிருந்தேன்.

மேனேஜர் புரட்டிப் பார்த்தார். "செத்தவனுக்கு என்ன வயது என்று சொல்கிறாய். எப்படி அடக்கம் செய்வது, அதைச் சொல்."

வாசலில் ஏணியோடு நின்றவன் தலையை நீட்டினான். "வந்த உறையிலேயே திருப்பிப் போட்டா உடையாது, பாஸ்."

அவ்வளவுதான். என் மூன்று பக்கத்தை அவனுடைய ஒரு வரி தின்றுவிட்டது.

அந்த யோசனையில் இருந்த ஓட்டையை முதல் நாளே கண்டுகொண்டேன். உறைக்குள் போய்விட்டால் பழையதும் புதியதும் ஒன்றுதான். பழையது இருந்த பெட்டிகளை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் அடுக்கினேன். எதைக் கண்டாலும் தேதி எழுதுகிற நான், அந்தப் பெட்டிகளின்மேல் மட்டும் எதுவும் எழுதவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பன்னிரண்டு விளக்குகளை நன்கொடையாகத் தர மேனேஜர் சம்மதித்தார். அவன்தான் கேட்டு வாங்கினான். நேராக வந்து இடப்பக்கத்துப் பெட்டியில் கை வைத்தான்.

"மச்சான், இத எடுத்துக்கவா?"

நிமிர்ந்து பார்த்தேன். எது எந்தப் பக்கம் என்று எனக்கு மறந்திருக்கவில்லை.

"எடுத்துக்கோலா," என்றேன்.

7-8-1983, ஞாயிறு, மாலை ஆறு மணி. வேடிக்கை பார்க்கவே பஸ் பிடித்துப் போயிருந்தேன். பந்தலில் பன்னிரண்டையும் மாட்டிவிட்டு அவன் சுவிட்சைத் தட்டினான். ஏழு எரியவில்லை, நுனி மட்டும் சிவந்தது.

"என்ன வயர்மேன் அண்ணே, ஆத்தாவுக்குப் பாதிக் கண்ணுதான் தொறக்குது!" என்று ஒருவன் கத்தினான்.

பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா விடவில்லை. "டவுன்ல கழிச்சத நம்ம தலையில கட்டிட்டாங்கடி!"

பந்தலே சிரித்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அவன் எரியாத ஏழைப் பார்க்கவில்லை. எரிகிற ஐந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்துக் கூவினான்: "மச்சான், இதெல்லாம் நாம கழிச்சதுலா! இது சாகவே இல்ல. அங்க ஃபேக்டரியில ஸ்டார்ட்டர்தான் போயிருக்கு!"

உண்மைதான். உற்பத்தி நிற்கக் கூடாது என்று, மினுக்கினாலே விளக்கைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை மேனேஜரிடம் போனான். "நான்தான் பெட்டி மாத்தி எடுத்துட்டேன், பாஸ்," என்று தொடங்கி மீதியைச் சொன்னான். முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று புது விதி வந்தது. அடுக்கில் இருந்ததில் நல்லவை தொழிற்சாலைக்கே திரும்பின. குத்தகைக்காரருக்குப் போகும் பெட்டிகளும் கட்டணமும் குறைந்தன. அக்டோபரில் அந்த நாற்காலி அவனுக்குப் போனது. வாழ்த்தச் சென்றபோது எழுந்து நின்று கை கொடுத்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

குழல்விளக்கை மாட்டும்போது இரு நுனியிலும் உள்ள உலோக மூடியைப் பிடித்துத்தான் திருக வேண்டும். "கழற்றியது 29-7-83" என்பது போன்ற என் பென்சில் எழுத்து பன்னிரண்டு முறை அவன் கைக்குள் இருந்திருக்கிறது. மாட்டும்போதே அதைப் படித்தானா, படித்தும்தான் மாட்டினானா என்று நான் இதுவரை கேட்டதில்லை. ஆகவே இந்த ஒன்று மட்டும் சரிபார்க்கப்படாத தகவல்.