ஹெலனின் உள்கால் அளவு

படூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் ஹெலன். வீடு கோவளத்தில். காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுபவனும், மாலையில் அழைத்துப் போகிறவனும் அவள் புருஷன் ஸ்டான்லி. ஏசி மெக்கானிக். தங்கமான மனுஷன், குடி கிடையாது, அதட்டிப் பேசமாட்டான். ஒரே ஒரு வியாதிதான் உண்டு. வேலை முடிந்து ஹெலன் போன் போட்டால், "அஞ்சே நிமிசம், வந்துகினே கீறேன்" என்பான். அவனுடைய அஞ்சு நிமிஷத்தில் ஒருத்தி சோறு வடித்து, குழம்பு வைத்து, அப்பளமும் பொரித்துவிடலாம்.

கல்யாணமான நாளிலிருந்து ஹெலன் அந்தக் கல்லூரி வாசலில் நின்றிருக்கிறாள். பஸ்ஸில் போகலாம் என்றால் கேளம்பாக்கத்தில் இறங்கி மாற வேண்டும். மாறுகிற பஸ் அதற்கு மனசு வந்தால்தான் வரும். ஸ்கூட்டரோ ஸ்டான்லியின் பிழைப்பு. மழையில் நின்றாள், வெயிலில் நின்றாள், கொசுக்கடியில் நின்றாள். கூட வேலை பார்த்தவர்களெல்லாம் டாட்டா காட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கேட்டாண்ட நிக்கிறதுக்கே எனக்குத் தனியா பென்சன் தரணும்" என்று சிரித்துச் சொல்வாள். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. என் நேரத்துக்கு நான் வீடு போய்ச் சேர ஒரு வழி இல்லையா என்ற ஆத்திரம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போகும்போது ஈசிஆரில் சைக்கிள்காரர்களைப் பார்ப்பாள். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், ஒல்லி டயர், சத்தமே இல்லாமல் சர்ரென்று மாமல்லபுரம் பக்கம் போவார்கள். இரண்டாம் மாடி ஏறினால் தனக்கு மூச்சு வாங்குவதும் அப்போது ஞாபகம் வரும். ஒருநாள் பூசை நடுவிலேயே முடிவு செய்துவிட்டாள். சாமி மன்னிப்பாராக.

சீட்டு எடுத்த பணத்தோடு ஓஎம்ஆரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனாள். கடையில் இருந்த நிதின் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். நேராக ரோஸ் கலரில் கூடை வைத்த வண்டியிடம் கூட்டிப்போனான்.

"கூடை வெச்சு நான் இன்னா மீன் விக்கவா போறேன்? அந்த வளைஞ்ச ஹேண்டில் காட்டுப்பா."

காட்டினான். ஒன்று தூக்கினால் தூக்கியதே தெரியவில்லை, ஆனால் டயர் சுண்டுவிரல் பருமன். கேளம்பாக்கத்துப் பள்ளத்தில் விட்டால் பல் போய்விடும். இன்னொன்று கனம். மூன்றாவது, கொஞ்சம் அகலமான டயரோடு நீலத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் ஹெலனுக்கு மனசு போய் ஒட்டிக்கொண்டது. விலையைச் சொன்னால் உங்களுக்கு மயக்கம் வரும், அதனால் சொல்லப்போவதில்லை.

"உங்க சைஸ் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும் மேடம். உள்கால் அளவு வேணும்" என்றான் நிதின். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நிற்க வேண்டுமாம். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே வரை ஏற்றிப் பிடித்து, அங்கிருந்து தரைவரை அளக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஒரு தடித்த புத்தகத்தையும் நீட்டினான்.

ஹெலன் இரண்டு அடி பின்னால் போனாள். கால் தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற புத்தகத்தை, அதுவும் புத்தகத்தால் சோறு தின்னுகிறவள், காலுக்கு நடுவில் வைப்பதா! "ஐயோ, பாவம் புடிச்சுக்கும்பா. நானே அளந்துகினு வரேன்" என்று வெளியே வந்துவிட்டாள்.

அளவென்றால் யாரிடம் போவோம்? டைலரிடம்தான். பக்கத்துத் தெரு லதா அவளுக்குச் சுடிதார் தைக்கிறவள். டேப்பை எடுத்தாள், அளந்தாள், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சீட்டைப் பார்த்த நிதின், "உங்களுக்கு நல்ல நீளமான கால் மேடம்" என்றான். அவன் சந்தேகத்தில் சொன்னான். ஹெலன் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் பெருமையில் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. நீல வண்டி, பளபளவென்று. ஹெலன் இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றாள். நடுக்கம்பி உயிரை வாங்கியது. கையை நீட்டினால் ஹேண்டில் எங்கோ அடுத்த ஊரில் இருந்தது. நிதினின் முகம் தொங்கிப்போனது. ஆர்டர் போட்டு வாங்கியதைக் கம்பெனி திரும்ப எடுக்காது என்றான். "இந்த சைஸுக்கு வேற ஆள் கெடைச்சு வாங்கிக்கிட்டா, உங்களுக்குச் சின்னது வரவழைச்சுத் தரேன் மேடம். அதுக்குமேல என் கையில ஒண்ணும் இல்ல."

ஹெலன் நேராக லதா கடைக்குப் போய் நின்றாள். "இன்னாடி அளந்த நீ?"

"ஏன்க்கா, சரியாத்தான் அளந்தேன். மடிச்சுத் தைக்க ரெண்டு விரக்கட, தண்ணில போட்டா சுருங்கறதுக்கு ரெண்டு விரக்கட. எப்பவும் சேத்துதானே எழுதுவேன்?"

"சைக்கிள எந்தத் தண்ணிலடி போடப்போறேன் நானு!"

"சைக்கிளா? பேண்ட்டுன்னு இல்ல நெனச்சேன்!"

லதாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. ஹெலனுக்கும் வந்தது, வீடு போகும்வரை இருந்தது. வீட்டில் ஸ்டான்லி, "வுடும்மே, நான்தான் கீறேன்ல, கொண்டாந்து வுடறதுக்கு" என்று ஆறுதலாகச் சொன்னான். அவ்வளவுதான். ஹெலன் குழாயடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். அந்த வாசலில் இன்னும் எத்தனை வருஷம்! ஸ்டான்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சைக்கிளுக்கா இப்படி அழுவார்கள் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

மறுநாள் முதல் நூலகத்துக்கு வந்தவர்களின் முகத்தை ஹெலன் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். தன்னைவிட நாலு விரற்கடை நீளமான கால் வேண்டும். அந்தக் காலுக்குச் சம்பளமும் வேண்டும். மாணவர்கள் காலெல்லாம் நீளமாய்த்தான் இருந்தன, பாக்கெட்தான் காலி. கணக்கு வாத்தியாருக்குக் கால் சரி, மூட்டு சரியில்லை. கடைசியில், மூன்று புத்தகத்தைத் திருப்பித்தர வந்து நின்றார் கெமிஸ்ட்ரி வசுமதி மேடம். நெடுநெடுவென்ற உயரம். எடை குறைக்க தினமும் மைதானத்தைச் சுற்றி நடப்பவர்.

"மேடம், நடந்து நடந்து அலுக்கலையா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள் ஹெலன்.

அடுத்த நான்கு நாளும் அவள் பாடிய பாட்டை நிதின் கேட்டிருந்தால் அவளைக் கடையிலேயே வேலைக்கு வைத்திருப்பான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், லதாவின் விரற்கடை உட்பட. வசுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி வாங்க ஹெலன், பார்க்கிறதுல என்ன நஷ்டம்" என்று சனிக்கிழமை கடைக்கு வந்தவர், வண்டியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்க மனமில்லாமல் இறங்கினார். அன்றைக்கே பணம் கட்டினார்.

இந்த முறை அளவு? லதா பேச்சையே எடுக்க வேண்டாம் என்றாள் ஹெலன். ஸ்டான்லி தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தான். ஏசி மாட்டும்போது கோணாமல் இருக்கிறதா என்று நீர்க்குமிழி காட்டுமே, அந்தக் கட்டை. "நேரா நில்லும்மே, மூச்சப் புடிக்காத" என்று சுவரோரம் நிற்கவைத்து, கட்டையைப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் பிடித்து, பென்சிலால் சுவரில் கோடு போட்டான். அவளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு தாங்கவில்லை. "ஆடாத, குமிழி ஓடுது" என்று கெஞ்சி, மறுபடியும் அளந்தான். குழாயடி அழுகைக்குப் பிறகு அவன் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தான்.

சின்ன வண்டி வந்தது. இதுவும் நீலம். ஹெலன் ஏறினாள், கால் தரையில் நின்றது, கை ஹேண்டிலில் படிந்தது. அப்பாடா! தெருவில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். ஸ்டாண்டு எங்க? கேரியர் இல்லியா? மணிகூடவா குடுக்கல, இம்மாந் துட்டு வாங்கிகினு? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "நான் கீறேன்ல, அது போதும்."

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் யாருக்கும் போன் போடாமல் கிளம்பினாள். கேளம்பாக்கம் தாண்டி, தண்ணீர் விரிந்து கிடக்கும் அந்தத் திறந்தவெளிச் சாலையில் கடல்காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. நாக்கு தள்ளிப்போயிற்று. ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு ஸ்கூட்டர், ஒரு நாய் எல்லாம் அவளைத் தாண்டிப் போயின. போகட்டுமே! மூச்சிரைக்க இரைக்கச் சிரித்துக்கொண்டே மிதித்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீ போட்டு, வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே வாசற்படியில் உட்கார்ந்து குடித்தாள். அந்த நேரத்தில் தன் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்றே அவளுக்கு இதுநாள்வரை தெரியாது.

போன் அடித்தது. ஸ்டான்லி.

"எங்கம்மே கீற? எம்மா நேரமா காலேஜ் கேட்டாண்ட நின்னுகினு கீறேன்!"

"நான் வூட்ல கீறேன்யா. சைக்கிள்ல வந்துட்டேன்."

"அட, ஆமால்ல... பழக்க தோசத்துல வண்டிய இங்க ஓட்டிகினு வந்துட்டேன்."

ஹெலன் டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். "கொசு கடிக்குதா?"

"கொதறுது."

"மரத்தடியில நிக்காத. வாட்ச்மேன் ரூம் செவுத்தாண்ட போய் நில்லு, அங்கதான் கொஞ்சம் காத்து வரும். நான் எப்பவும் அங்கதான் நிப்பேன்."

ஸ்டான்லி அந்தச் சுவரோரம் நடந்து போவது போனில் கேட்டது. அங்கிருந்து பேசியபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஹெலனு... அஞ்சு நிமிசம்னா இம்மா நேரமாம்மே?"