வெயில் சீட்டு

திண்டிவனத்தில் ஒரு மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கலைமதியின் வரிசை மட்டும் நகராது. சோப்பை மாற்றி வாங்கியவரிடம் ஏன் மாற்றினீர்கள் என்பாள். எடுத்த பொருளைத் திரும்ப வைத்தவரிடம் எதனால் வேண்டாம் என்று கேட்பாள். அதை ஊர்வம்பு என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் ஒன்றை ஏன் விரும்புகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. முதலாளி இரண்டொரு முறை கண்டித்தும் பயனில்லை. பிறகு அதே தெருவில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்தது. மளிகைக் கடை மூடப்பட்டது, அவள் வேலையும் போயிற்று.

அவள் ஒலக்கூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். பெற்றோர் இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவள் பன்னிரண்டாவது முடித்ததும் பூவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பூவரசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். புதிய வேலையைப் பற்றிய செய்தியை ஒருநாள் அவன்தான் கொண்டுவந்தான்.

"காலேஜ் பசங்க பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடை போடறாங்களாம். கவுண்டர்ல ஒக்கார ஆளு வேணுமாம்."

"இன்னா கடை?"

"அதான் பிரியல. இருவத்தஞ்சு வருசம் கழிச்சு வரப்போற கடையாம்."

அதைக் கேட்டபின் கலைமதி வீட்டில் இருப்பாளா? மறுநாளே போனாள்.

பூட்டிக் கிடந்த செல்போன் கடை ஒன்றை இரண்டு மாத வாடகைக்கு எடுத்து, வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் சிலர் அலமாரிகளில் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 2050ஆம் ஆண்டில் திண்டிவனத்தில் ஒரு கடை இருந்தால் அதில் என்னவெல்லாம் விற்கும் என்று யோசித்து அவர்களே செய்த பொருள்கள். எந்த வருஷத்து மழை என்று எழுதி மூடி முத்திரையிட்ட தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன. நகைக்கடைப் பெட்டியைப் போன்ற ஒன்றில், பஞ்சின் மேல், ஒரே ஒரு மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, இருந்தது. கவுண்டரில் வெள்ளைத் தாளில் அச்சடித்த சீட்டுகள் கத்தையாகக் கிடந்தன.

மாணவர்களுக்குத் தலைமையாக இருந்த அஸ்வினி விளக்கினாள். "நாங்க ஜோசியம் சொல்லலக்கா. வெயிலும் வெலவாசியும் இப்படியே போனா எப்படி வாழுவோம்னு பேசினா யாரும் காது குடுக்க மாட்டாங்க. அதையே ஒரு பொருளா செஞ்சு கையில குடுத்தா பேசுவாங்க. பிடிக்கலன்னா ஏன் பிடிக்கலன்னு கேக்கணும். அவ்ளோதான் உங்க வேல."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்வி கேட்பதற்கே சம்பளம். கலைமதி அன்றே கவுண்டரில் உட்கார்ந்தாள்.

ஜனங்கள் வந்தார்கள். சிலர் விலை கேட்டார்கள். சிலர் மின்விசிறிக்கடியில் நின்றுவிட்டுப் போனார்கள். பெட்டிக்குள் இருந்த மல்லாட்டை உருண்டையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சிலர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் கவனித்தாள்.

ஏப்ரல் கடைசியில் சின்னபொண்ணு வந்தாள். கலைமதியின் பிறந்த ஊர்க்காரி. மல்லாட்டை பிடுங்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள். கவுண்டரில் இருந்த சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாடி?"

"வெயில் சீட்டுக்கா. வெயில் அளவு மீறிப் போச்சுன்னா இத காட்டிட்டு வூட்டுக்குப் போயிடலாம். கூலி குறையாது. ஆனா இப்ப இல்ல, 2050ல."

"அப்ப நான் இருப்பனா?"

"தெரிலக்கா."

"அப்ப இப்பவே குடு."

கலைமதி சிரித்துக்கொண்டே கொடுத்தாள். சின்னபொண்ணு தன்னோடு வேலை செய்யும் பெண்களுக்கும் சேர்த்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். விளையாட்டுக்காக எடுத்துப் போகிறாள் என்றுதான் கலைமதி நினைத்தாள்.

அந்த வாரம் அரங்கநாதனின் கொல்லையில் மல்லாட்டை அறுவடை. அரங்கநாதன் ஐம்பதைத் தாண்டியவர். பாட்டன் காலத்து நிலத்தைத் தானே பார்த்துப் பயிர் வைப்பவர். உச்சி வெயிலில் ஒரு பெண் கண் இருட்டி விழுந்தாள். அவளை மர நிழலில் படுக்கவைத்துவிட்டு, சின்னபொண்ணு நேராக அவரிடம் போய்ச் சீட்டை நீட்டினாள். மற்றவர்களும் நீட்டினார்கள். அரங்கநாதன் வாசித்தார். 'இன்று வெயில் அளவு மீறியது. இந்தச் சீட்டை வைத்திருப்பவர் வேலையை நிறுத்தலாம். கூலி குறையாது.' ஏதோ புது அரசாங்கத் திட்டம் வந்துவிட்டது என்று நினைத்து அவர்களை அனுப்பிவிட்டார். கூலியும் முழுசாகக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் அடியில் பொடி எழுத்தில் இருந்த வருஷம் தெரிந்தது.

மறுநாள் காலையில் கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"யாரும்மா இத குடுத்தது?"

"நான்தாங்க."

"2050ன்னு போட்டுக்கீது."

"ஆமாங்க. அப்ப வரப்போற கடைங்க இது."

"அப்ப கூலியையும் 2050லயே குடுக்கட்டுமா?"

அஸ்வினி பதறிப்போய் மன்னிப்புக் கேட்க எழுந்தாள். கலைமதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க. இந்தச் சீட்டுல இன்னாங்க தப்பு, சொல்லுங்க."

திட்டுவதற்கு வந்தவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை போலும். சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கூலி குறையாதுன்னு போட்டுக்கீது. யாரு குடுக்கறதுன்னு போடலியே. வேல தள்ளிப்போயி மண்ணு காஞ்சிப்போச்சுன்னா செடிதான் கையோட வரும், மல்லாட்ட உள்ளயே நின்னுடும். அந்த நஷ்டத்துக்கு எனுக்கு யாரு சீட்டு குடுப்பா? அந்தப் பொண்ணு வுழுந்தப்ப எனுக்கும் பகீர்னுதான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல."

"யார் குடுக்கறதுன்னு நாங்களே சண்டை போட்டோங்க," என்றாள் அஸ்வினி. "முடிவு வரல. அப்படியே விட்டுட்டோம்."

"வுட்டுட்டா எப்பிடி?" என்றார் அவர். ஆனால் குரலில் முன்பிருந்த கோபம் இல்லை.

"வெயில் ஏறறதுக்குள்ள வேலைய முடிச்சிட்டா?" என்று கேட்டாள் கலைமதி.

"விடிகாலம் அஞ்சு மணிக்கு வருவாங்களா? ஆட்டோ ஏது?"

ஆட்டோ அவள் வீட்டு வாசலில்தான் நின்றது. பூவரசனிடம் சொன்னதும், "அஞ்சு மணிக்கா? நான் இன்னா பால்காரனா?" என்றான். மறுநாள் விடியுமுன் முனகிக்கொண்டே வண்டியை எடுத்தான். முதல் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். குழாயில் தண்ணீர் வருவது அந்த நேரத்தில்தான், விட்டுவிட்டு எப்படி வருவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டு வீட்டுக்கு ஒருத்தி தண்ணீர் பிடித்து வைப்பது என்று சின்னபொண்ணு ஏற்பாடு செய்தாள். வெயில் சுடுவதற்குள் பெண்கள் வீடு திரும்பினார்கள். மல்லாட்டையும் வீடு வந்து சேர்ந்தது.

மே முடிந்ததும் கடையைக் காலி செய்துகொண்டு மாணவர்கள் ஊருக்குப் போனார்கள். கலைமதிக்கு ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது.

ஐப்பசி மழை நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறந்த வீட்டுக்குப் போகும் வழியில் அரங்கநாதனின் கொல்லையைப் பார்த்தவள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். நிலம் முழுவதும் சவுக்குக் கன்று. வரப்பில் நின்றிருந்த அரங்கநாதன் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாங்க, மல்லாட்ட போடலியா?"

"சவுக்கு வெச்சா மூணு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வாணாம்மா. ஆள் தேடி அலையற பேஜாரும் இல்ல, வெயிலும் இல்ல, சீட்டும் இல்ல." பிறகு அவரே கேட்டார். "உங்க கடையில சவுக்கு இருந்துச்சா?"

"இல்லீங்க," என்றாள் கலைமதி. கூலிக்கு ஆளே வேண்டாத கொல்லை ஒன்றை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே சின்னபொண்ணுவைத் தேடிப் போனாள். அவள் இப்போது ஒரு சவுக்கு நாற்றுப் பண்ணையில் பச்சை வலைக்கடியில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்புகிறாள்.

"நெழல்ல ஒக்காந்துக்கினு வேல. கூலிதான் கம்மி. எங்க செட்டுல பாதிப் பேருக்கு அதுவும் கெடைக்கல."

"சீட்டாலதான் அவரு சவுக்குக்குப் போயிட்டாராக்கா?"

சின்னபொண்ணு யோசித்தாள். "அவரு போர்வெல்லுல தண்ணி எறங்கிப்போயி ரெண்டு வருசமாவுது. எப்பிடியும் வெச்சிருப்பாரு." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "வெச்சிருக்க மாட்டாரோ இன்னாவோ. அது யாருக்குத் தெரியும்," என்றாள்.

அந்தப் பதிலோடு கலைமதியால் தூங்கிவிட முடிந்தது, ஆனால் விட்டுவிட முடியவில்லை. அந்த வாரமே அஸ்வினிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அஸ்வினி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"வர்ற கோடைக்கு விழுப்புரத்துல ஒரு கடை போடறோம்க்கா," என்றாள் அஸ்வினி கடைசியில். "கவுண்டருக்கு வர்றீங்களா?"

"கவுண்டருக்கு அப்பறம் வர்றேன். அதுக்கு முன்ன, பொருளு செய்யறீங்க பாரு, அந்த எடத்துக்கு வர்றேன். தனியா இல்ல. சின்னபொண்ணு அக்காவையும் அரங்கநாதன் அய்யாவையும் கூட்டிக்கினு வர்றேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணா வருவாங்களா?"

"தெரில. கேட்டுப் பாக்கணும்," என்றாள் கலைமதி.

மறுநாள் மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, முதலில் அரங்கநாதனின் வீட்டுக்குப் போனாள்.