எந்த ஸ்டாப்பிங்?

பிள்ளைகளா, போன வருஷம் உங்களையும் அம்மாவையும் கள்ளக்குறிச்சியில் கூடவே வைத்துக்கொள்ள வாடகை வீடு தேடினேன். ஒரு வீட்டுக்கார அம்மா சாவியோடு வந்து, “சங்கராபுரம் பக்கமா? எங்க சொந்தக்காரங்களும் அங்க இருக்காங்க. ஊர்ல எந்த ஸ்டாப்பிங்ல எறங்குவீங்க?” என்று சிரித்தபடி கேட்டார்.

“காலனி ஸ்டாப்பிங்குங்க. வூட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்கும்” என்றேன், பெருமையாக.

சாவி இடுப்புக்குப் போய்விட்டது. “அய்யோ, எங்க வூட்டுக்காரரு வேற யாருக்கோ சொல்லிட்டாரு தம்பி. மறந்தே பூட்டேன்.”

காலனி என்றால் எந்தச் சாதி என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அப்புறம் பார்த்த வீடுகளிலும் இப்படித்தான் ஆனது. அதனால்தான் வேலை செய்கிற மரக்கடையிலேயே தனியாகப் படுக்கிறேன்.

“அப்பாவுக்கு நம்மளப் புடிக்கலியா?” என்று சின்னவள் அம்மாவிடம் கேட்டாளாம். பிடிக்காமல் இல்லை, கண்ணு. வீடுதான் கிடைக்கவில்லை.