வெயிலில் காயவைத்த கால்

முதலில் வந்தது கெண்டைக்கால் வலி. விருதுநகர் ரயில் நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். பாதுகாப்பு ஆய்வாளனாகப் பட்டாசுத் தொழிற்சாலை வாசல்களில் தொழிலாளர் மடியைச் சோதித்துப் பீடி பறிப்பது என் உத்தியோகம்; வெளியே வந்து சிகரெட் பற்றவைப்பது என் பழக்கம். ஓய்வுபெற்றபின் இரண்டாவது மட்டும் தொடர்ந்தது.

தொடையில் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) சுருங்கிவிட்டது என்றார்கள் மதராஸில். காலிலிருந்தே ஒரு ரத்தநாளத்தை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக ஒட்டுப்போட்டார்கள். கணுக்காலில் நாடி திரும்பியது. சிகரெட்டை அங்கேயே விட்டேன். ஆனால் வீடு வந்த பிறகும் விரல்கள் நீலம்பாரித்துச் சில்லென்றே இருந்தன.

சிவகாசிப் பக்கம் எது நமுத்தாலும் வெயிலில் போடுவோம். வெடிமருந்தும் திரியும் அப்படித்தான் உயிர்பெறும். நானும் உச்சிவெயிலில் மொட்டைமாடித் தளத்தில் பாதத்தைப் பதித்து அரைமணி உட்கார்ந்தேன். சுடவே இல்லை. திருப்தியாக இருந்தது. சாயங்காலம் சுண்டுவிரலில் கொப்புளம். நான்காம் நாள் அது கறுத்தது.

உள்ளூர் டாக்டர் கேட்டார்: “எங்கன சுட்டுக்கிட்டீக?”

“சுடல. வெயில்ல காயவச்சேன்.”

“அதென்ன, பட்டாசா?”

என் மனைவி சிரிக்கவில்லை. “சீசன் முச்சூடும் கம்பெனி கம்பெனியாப் போயி ரூல் படிச்சீக. சொந்தக் காலுக்கு ஒரு ரூல் கெடையாதாக்கும்.”

டாக்டர் விளக்கினார். பெரிய குழாய் திறந்துவிட்டது. விரல்களுக்குள் இருக்கும் நுண்குழல்கள் (மயிரைவிட மெல்லிய ரத்தக்குழல்கள்) பல வருடம் பட்டினி கிடந்தவை, உடனே விழித்துக்கொள்வதில்லை. சூடேற்றினால் சதை கூடுதல் ரத்தம் கேட்கும். கொடுக்க அங்கே வழியில்லை. உணர்ச்சி மங்கிய தோல், தான் வெந்ததையும் சொல்லாது.

“கறுப்பு மேல ஏறுச்சுன்னா பாதத்தை எடுக்கணும். சுண்டுவிரலோட நின்னா தப்பிச்சீக.”

“எம்புட்டு நாள் பாக்கணும்?”

“அது நிக்கிற வரைக்கும். சூடு, ஈரம் ரெண்டும் ஆகாது.”

விதிமுறை கிடைத்துவிட்டது; இனி அது என் துறை. பஞ்சு சுற்றி, ஈரம் படாமல் வைத்தேன். வெந்நீர், எண்ணெய், பச்சிலை என்று வந்த உறவினரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். தினமும் காலையில் கறுப்பின் ஓரத்தில் மனைவி மையால் கோடு இழுத்தாள். மூன்று கோடுகளை அது தாண்டியது. நான்காவதைத் தாண்டவில்லை.

சுண்டுவிரல் போயிற்று. பாதம் மிஞ்சியது. சூடோ குளிரோ அது எனக்கு இப்போது தெரிவிப்பதில்லை. கையால் தொட்டும், அடியில் கண்ணாடி பிடித்தும் நானே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் காலும் சில்லிட்டிருந்தால் தளர்வான கம்பளிக் காலுறை போடுங்கள். அடுப்பையும் வெயிலையும் அண்டவிடாதீர்கள்.

நேற்று மிளகாய்ச் சந்தைவரை போய்வந்தேன். வலித்தால் நிற்பேன், அடங்கினால் நடப்பேன். நிற்கிற நேரத்தையும் இப்போது நடையில்தான் சேர்க்கிறேன்.