கண்மாய் கொடுத்த டாக்டர் பட்டம்

'இயற்கை வளங்கள் மற்றும் சுற்றுச்சூழல் மேலாண்மை' என்று எங்கள் படிப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், கேட்டவருடைய பஸ் வந்துவிடும். இதே துறையிலோ, இதைப் போலப் பெயர் நீண்டு வேலைவாய்ப்பு குட்டையான வேறு ஒரு துறையிலோ பிஎச்.டி. செய்துகொண்டிருக்கும் சக துன்பவாசிகளே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம், 'எப்ப முடிப்ப?' என்று மட்டும் கேட்கக் கூடாது.

என் ஆராய்ச்சி சுருக்கமானது. திருவாதவூரை அடுத்த ஒரு கிராமத்துக் கண்மாய்த் தண்ணீரை ஒரு வருடம், மாதம் தவறாமல் பாட்டிலில் பிடித்து வந்து சோதிக்க வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து ஒரு வருடம். அதற்குள் என் கைடு மேடம் ரிட்டயர் ஆகிவிடுவார். ரிட்டயர் ஆனால் வேறு கைடு, வேறு கைடு என்றால் வேறு தலைப்பு. ஆகவே அந்த வருடம் மழை பெய்தபோதெல்லாம், விவசாயிகளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான்.

சிம்மக்கல் ஸ்பான்சர்

எங்கள் அப்பாவுக்கு மதுரை சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடை. பிளாஸ்டிக் டம்ளர், தட்டு, டப்பா, கவர். பெயருக்கு வாசலில் நாலு துணிப்பை தொங்கும். தாத்தா தறியை விட்ட பிறகு எங்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கடை. என்னைப் படிக்க வைத்ததும் அதுதான்.

முதல் வருடம், பிளாஸ்டிக் மக்காததைப் பற்றிய வகுப்பைக் கேட்ட சூட்டோடு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு அந்தப் பாடத்தை முழுசாக நடத்தினேன். மண், மாடு, மீன், கடல் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ரசத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். "நான் விக்கிறதை நிறுத்திட்டா, நீ எதைப் பத்திப் படிப்ப?"

இளநீர் மரியாதை

கண்மாய்க் கரையில் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்தபடி ஒருமுறை நடந்து பாருங்கள். நாட்டில் உங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். நான் முதன்முதலாகப் போன அன்று ஒருவர் தூரத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். தண்ணீர் நிற்க வேண்டிய கண்மாயின் உள்ளேயே பாத்தி பிடித்து மிளகாய் போட்டிருப்பவர்.

துண்டால் திட்டைத் தட்டி என்னை உட்கார வைத்தார். ஓர் இளநீர் வெட்டினார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னொன்றும் வெட்டினார். பாட்டன் காலத்திலிருந்தே அங்கே மிளகாய்தான் இருந்தது என்றும், தண்ணீர்தான் நடுவில் வந்து சேர்ந்தது என்றும் பொறுமையாக விளக்கினார். வழுக்கையைச் சுரண்டித் தின்றுகொண்டே நான் என்னைப் பற்றிச் சொன்னேன்: ஆக்கிரமிப்பை எடுக்க வந்த அதிகாரி இல்லை, படிக்கிறவன், ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பிறகு காலியான இரண்டு காய்களையும் பார்த்தார். "இதை வந்தவுடனே சொல்றதுக்கு என்ன தம்பி? ஒரு செம்புத் தண்ணியோட முடிச்சிருப்பேன்ல."

உங்கள் பெயர் என்ன, சித்தப்பா?

எங்கள் லேபில் என் பக்கத்து மேசைக்காரன் செல்வம். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம், வானம் பார்த்த பூமி. மழை குறைந்துபோனதை விவசாயிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவன் தலைப்பு. சொந்த ஊரையே எடுத்துக்கொண்டால் அலைச்சல் இருக்காது, வேளைக்குச் சாப்பாடும் கிடைக்கும் என்பது அவன் திட்டம். சாப்பாடு என்றதும் நானும் துணைக்குப் போனேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கேள்விகளை அச்சடித்தபடியேதான் வாசிக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் தரவு கெட்டுப்போகும் என்பார்கள். செல்வம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது அவனுடைய சொந்தச் சித்தப்பா. 'பதிலளிப்பவரின் பெயர்?' என்று ஆரம்பித்தான். அவர் திரும்பி யாரைக் கேட்கிறான் என்று பார்த்தார். 'தாங்கள் குடும்பத் தலைவரா?' என்று கேட்டபோது சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார். 'காலநிலை மாற்றம் குறித்த தங்கள் விழிப்புணர்வு மிக அதிகமா, அதிகமா, நடுத்தரமா' என்று அவன் அடுக்கியபோது, சித்தப்பா அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "என் தோள்ல உக்காந்துதான் இவன் திருவிழா பாத்தான். இப்ப என் பேரு என்னன்னு கேக்குறான். உங்க காலேஜுல எல்லாருமே இப்படி ஆயிர்றீகளா தம்பி?"

தெர்மாகோல் பெட்டி

பிடித்த தண்ணீரைச் சூடேறாமல் அன்றைக்கே லேபில் சேர்க்க வேண்டும். துறைக்கு ஜீப் உண்டு. அதற்கு டிரைவர் இல்லாததால் வாசலில் நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. நான் மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, பாட்டில்களைப் புதைத்து, டவுன் பஸ்ஸில் வருவேன். ஒருநாள் புதுக் கண்டக்டர். மீன் பெட்டி ஏற்ற முடியாது என்று விசில் அடித்துவிட்டார். திறந்து காட்டினேன்.

பச்சை நிறத்தில் வரிசையாகப் பாட்டில்கள். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ஓர் அம்மா இது சர்க்கரைக்குக் கேட்குமா என்று விசாரித்தார். இது கண்மாய்த் தண்ணீர், எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளந்து பார்க்க மதுரைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். கண்டக்டர் ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். "இதையா அண்ணே இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வாரீக? எங்க தெருக் குழாயில இதே கலர்லதான் வருது. வாங்க, எம்புட்டு வேணுமோ பிடிச்சுக்கங்க."

வெள்ளைத் துண்டு

பதினொரு மாதம் எப்படியோ ஓடிவிட்டது. கடைசி மாதம் பங்குனியில் வந்தது. கண்மாயில் முழங்காலளவுத் தண்ணீர். அந்த வாரக் கடைசியில் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒருநாள் சாயங்காலம் மிளகாய்க்காரர் போன் செய்து, நாளைக் காலையில் மீன்பிடித் திருவிழா என்றார். கோடையில் தண்ணீர் வற்றும்போது சுற்றுவட்டாரமே கூடி ஒரே நேரத்தில் இறங்கி மீன் பிடிக்கும். அதன் பிறகு அங்கே மிஞ்சுவது சேறு மட்டும்தான்.

விடியும்போது கரையில் நின்றேன். எனக்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கில் ஜனம், வலையும் மூங்கில் கூடையும் பழைய சேலையுமாக. ஊர்த் தலைவரான அம்பலக்காரர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுகிற வரை யாரும் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. அவரிடம் போய் ஒரு பாட்டில், ஒரே ஒரு பாட்டில் முன்கூட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். மேடம் ரிட்டயர் ஆவதிலிருந்து என் தலைப்பு பறிபோவது வரை எல்லாம் சொன்னேன். அவர் அக்கறையோடு கேட்டுவிட்டு, ஒருத்தருக்கு ஒரு நியாயம் வைத்தால் சாமி கேட்கும் என்று மறுத்துவிட்டார்.

துண்டு பறந்தது. நானும் ஓடினேன். பாட்டிலைக் குமிழி வராமல் மெதுவாகச் சாய்த்து நிரப்ப வேண்டும் என்பது லேப் விதி. யாருடைய கூடையோ முதுகில் இடிக்க, நான் குப்புற விழுந்து நிரப்பினேன். கரையேறிப் பார்த்தால், பாட்டிலில் இருந்ததைக் கரண்டியால்தான் எடுக்க முடியும். ஒரு வருட உழைப்பு குழம்பிப்போய்க் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அங்கே தெளிவாக இருந்த தண்ணீர் அது ஒன்றுதான். அதை அம்பலக்காரர் பார்த்துவிட்டார். அந்த நாளில் யாரும் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாதாம். யாருடைய கூடையிலிருந்தோ ஒரு பெரிய விராலை எடுத்து என் ஐஸ் பெட்டியில் பாட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். "அழுகாதீக தம்பி. மொதத் தடவை எறங்குறவுகளுக்கு மீன் சிக்காது."

பன்னிரண்டாம் புள்ளி

மேடம் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். சோதித்து, வந்ததை வந்தபடி எழுது என்றார். எழுதினேன். வரைபடத்தில் பதினொரு மாதமும் ஒழுங்காகப் போன கோடு, பன்னிரண்டாவதில் தென்னை மரம் ஏறியது. வாய்மொழித் தேர்வு மேடத்தின் கடைசி வாரத்தில் அமைந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிரிக்கத் தெரியாதவர் என்று ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார்கள். அவர் முன்னுரையைத் தள்ளினார், அத்தியாயங்களைத் தள்ளினார், நேராக அந்தப் பன்னிரண்டாவது புள்ளியில் விரலை வைத்து, இது ஏன் என்றார்.

மாதிரி எடுத்ததில் பிழை என்று சொன்னால் இன்னொரு வருடம். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லவும் கை வசம் ஒன்றும் இல்லாததால் துண்டு, ஓட்டம், கூடை, விழுந்தது, விரால் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஜூனியர்கள் சிரித்தார்கள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். விரால் எவ்வளவு பெரியது என்று கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "அவ்வளவு பெரிய விரால் வளருதுன்னா, அது நல்ல தண்ணிதான். வாழ்த்துகள், டாக்டர்."

விரால் எந்தச் சாக்கடைச் சேற்றிலும் மேலே வந்து மூச்சு வாங்கிப் பிழைத்துக்கொள்ளும், அதை வைத்துத் தண்ணீரின் தரத்தை முடிவு செய்யவே கூடாது என்று அதே ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன் என்பதையும், அதை அவர் தள்ளிவிட்டுப் போன புண்ணியத்தில்தான் நான் இன்று டாக்டர் என்பதையும், சக துன்பவாசிகளே, உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.