கழற்றிக் கழற்றி ஜெயித்த கார்

லோரெட்டா குசேரா மூன்று வருடம் தொடர்ந்து தோற்றதற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான். கிளப்பில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கியர்னி ஊருக்கு வெளியே யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தக் கான்கிரீட் மேல் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவோம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். கூம்பைத் தள்ளினால் இரண்டு வினாடி அபராதம். வருகிற காரைச் சுற்றிப் பார்த்து, அது எந்த வகுப்பு என்று முடிவு செய்து, கண்ணாடியில் எழுத்தை ஒட்டுவது என் வேலை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் 'எஸ்'. எதையாவது மாற்றியிருந்தால் 'எம்'. ஒரு ஸ்பிரிங்கை மாற்றினாலும் எம்தான், இன்ஜினையே மாற்றினாலும் எம்தான். எங்களுடையது சின்ன கிளப், அதற்கு மேல் பிரிக்க ஆள் கிடையாது.

லோரெட்டா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. ஐம்பத்து நான்கு வயது, கட்டையான உடம்பு, யார் சொன்னாலும் உடனே நம்பாத முகம். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்கு நிதி திரட்ட, ஒரு ஞாயிறு எங்களிடம் சில்லி என்கிற காரக் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் விற்க வந்தாள். யாரோ அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். இறங்கியவள் விற்பனையை மறந்து மீதி ஓட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் தன் சொந்தக் காரோடு வந்து நின்றாள்.

வெளிறிய மஞ்சளில் நான்கு கதவு வைத்த சின்னக் கார். ஒரு கல்லூரிப் பையனிடம் வாங்கியது. அவன் தன் ஆசையையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தான்: சிவப்பு ஸ்பிரிங், அகலச் சக்கரம், உறுமுகிற சைலன்சர். லோரெட்டாவுக்கு அதெல்லாம் என்னவென்றே தெரியாது, வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் குனிந்து சிவப்பு ஸ்பிரிங்கைப் பார்த்தேன், எம் என்று ஒட்டினேன், அடுத்த காருக்குப் போய்விட்டேன். ஒரு நிமிடம் நின்று பேசியிருக்கலாம். பேசவில்லை.

எம் வகுப்பில் யார் இருந்தார்கள் தெரியுமா? கர்ட் யென்சன். மாட்டுத் தீவனக் கடைக்காரன். அவன் காரில் கம்பெனி போட்டது என்று மிச்சமிருந்தது கதவுக் கைப்பிடி மட்டும்தான். பந்தயத்துக்கென்றே தனி டயர், அதை ஏற்றிவர ஒரு தனி டிரெய்லர். அவனையும் சேர்த்து அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குப் பின்னால் மூன்று வருடம், இருபத்து மூன்று பந்தயம், இருபத்து மூன்றிலும் கடைசி இடம் லோரெட்டாவுக்கு.

கர்ட் கெட்டவன் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

"என்ன லோரெட்டா, வந்துட்டியா? நாங்க சாப்பிட்டு, கையக் கழுவி, ஒரு தூக்கமும் போட்டாச்சு."

"தூங்கறப்ப வாய மூடிட்டுத் தூங்கு கர்ட். ஓடுதளம் பூரா ஈ."

இப்படிப் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். ஆனால் வலிக்காமலா இருக்கும்? மூன்றாம் வருடக் கடைசியில் எங்கள் விருந்தில், விளையாட்டாக நினைத்து, தங்க வண்ணம் அடித்த கூம்பு ஒன்றை 'விடாமல் கடைசியில் வருபவர்' என்று அவளுக்குக் கொடுத்தார்கள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கூம்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"வர்ற வருஷம் எட்டுப் பந்தயம் இருக்கு. ஒண்ணுல நான் முதல்ல வர்றேன். வரலைன்னா காரை வித்துடுவேன். இந்தப் பக்கமே தலை வைக்க மாட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் கணவன் ஹார்லன், தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன், என் பக்கம் குனிந்து, "சொன்னா செஞ்சுடுவா ரஸ். ஒரு தடவை கோவத்துல உப்பை விட்டா. ரெண்டு வருஷம் உப்பில்லாமத் தின்னோம்" என்றான்.

ஜனவரியில், முழங்கால் வரை பனி கிடந்த ஒரு நாள், அவள் விதிப்புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பக்கமெல்லாம் பென்சில் கோடு.

"ஒண்ணுமே மாத்தாத காரு எந்த வகுப்பு?"

"எஸ்."

"நான் எதையாவது மாத்தினேனா?"

"நீ மாத்தலை. ஆனா காரு மாறியிருக்கே."

"சரி, மாத்தினதையெல்லாம் கழட்டிட்டு, பழையபடி பூட்டிக் கொண்டு வந்தா?"

பதினெட்டு வருடமாக வகுப்பு ஒட்டுகிற மேசையில் உட்காருகிறேன். எஸ்ஸிலிருந்து எம்முக்கு ஏறியவர்கள் எத்தனையோ பேர். இறங்கிவர முடியுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, கேட்கலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எஸ்ல ஒட்டுவேன். ஆனா ஒரு திருகாணி பாக்கியிருந்தாலும் ஒட்ட மாட்டேன்" என்றேன்.

"அதைத்தானே கேக்கறேன்" என்றாள்.

ஊரெல்லாம் காரில் எதைச் சேர்க்கலாம் என்று அலைந்த அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் மூன்று பேரும் எதைக் கழற்றலாம் என்று அலைந்தோம். ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், பனியில் சறுக்கி முன்பக்கம் நசுங்கிய அதே மாதிரிக் கார் ஒன்று அகப்பட்டது. பின் ஸ்பிரிங், ஒல்லி இரும்புச் சக்கரம், காற்று வடிகட்டிப் பெட்டி, ஸ்டீயரிங் எல்லாம் அதிலிருந்து எடுத்தோம். முன் ஸ்பிரிங் இரண்டுக்காக அயோவா வரை போய்வந்தாள். சைலன்சர் குழாயின் போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. ஹார்லன் நெருப்பைக் காட்டிச் சூடேற்ற, நான் நெம்ப, லோரெட்டா அடியில் படுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள். பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல் அது. போல்ட் கழன்று வந்துவிட்டது.

எஸ் வகுப்பில் டயரும் அதில் அடிக்கிற காற்றும் மட்டும் அவரவர் இஷ்டம். அவள் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டாள். பேருந்துகள் போன பிறகு பள்ளி வளாகத்தில் பால் டப்பாக்களைக் கூம்பாக வைத்து ஓட்டுவாள். டயரின் விளிம்பில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொள்வாள். நாலு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பாள். அதிகம் அழிந்தால் காற்று போதாது, அழியவே இல்லையென்றால் காற்று அதிகம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள், அன்றைய குளிர் எவ்வளவு என்பது உட்பட. எங்கள் கிளப்பில் பாதிப் பேரிடம் அவர்கள் டயரில் எவ்வளவு காற்று என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள்.

ஏப்ரலில் அந்தக் கார் வந்தபோது கர்ட்டுக்குக் கொண்டாட்டம். ஸ்பிரிங் மாறியதில் கார் நான்கு விரல் உயர்ந்திருந்தது, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"லோரெட்டா, முட்டை டெலிவரியா? எனக்கு ஒரு டஜன் குடேன்."

"உடைஞ்ச முட்டைதான் இருக்கு. உன் மூஞ்சிக்குப் போதுமா?"

நான் அடியில் படுத்து, டார்ச் அடித்து, திருகாணி திருகாணியாகப் பார்த்துவிட்டு எஸ் ஒட்டினேன்.

எஸ் ஒன்றும் திறந்துகிடந்த வீடு இல்லை. அங்கே வெர்ன் டீட்ஸ் இருந்தார். கிராமத்துத் தபால்களைக் காரில் கொண்டுபோய்ப் போட்டே ஓய்வு பெற்றவர். ஐந்து வருடமாக அந்த வகுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரலில் லோரெட்டா ஐந்தாவது. மே மாதம் மூன்றாவது. ஜூனிலிருந்து இரண்டாவது, இரண்டாவது, இரண்டாவது. கால் வினாடி, அரை வினாடி என்று வெர்ன் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். இப்படியே ஏழு பந்தயம் போய்விட்டது. அக்டோபரில் ஹார்லன் கடைகளில் ஒட்ட 'கார் விற்பனைக்கு' என்று நாலு அட்டை எழுதிவிட்டான். எழுதச் சொன்னவள் அவள்தான்.

நவம்பரில் எட்டாவது பந்தயம். காலையில் கான்கிரீட் ஐஸ்மாதிரி குளிர்ந்து கிடந்தது. எம் வகுப்பு முதலில் ஓடியது, பிறகு எஸ். ஒரு வகுப்பு ஓடும்போது மற்ற வகுப்புக்காரர்கள்தான் பாதையில் நின்று கூம்புகளைக் காவல் காப்பார்கள். கடைசி வளைவில் ரேடியோவோடு நின்றவன் கர்ட்.

ஆளுக்கு நாலு ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு. வெர்ன் நாலையும் முடித்துவிட்டார்: நாற்பத்தாறு புள்ளி மூன்று. லோரெட்டா மூன்று முடித்திருந்தாள்: நாற்பத்தாறு புள்ளி ஐந்து. கடைசி ஓட்டத்துக்கு முன் இறங்கி, நோட்டைப் பார்த்து, பின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டாள். ஹார்லன் என் பக்கத்தில் நின்று தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கிளம்பினாள். கார் சாய்ந்தது, ஆனால் சறுக்கவில்லை. எம் வகுப்பில் அடி வாங்கிய மூன்று வருடமும் அந்தக் கைகளில் இருந்தது. எங்கே பிரேக் பிடிக்கக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசி வளைவில் பின்சக்கரம் ஒரு கூம்பை உரசியது. கூம்பு ஆடியது, நகர்ந்தது. கோட்டைத் தாண்டினாள். கடிகாரம் நாற்பத்தாறு புள்ளி ஒன்று என்றது. கூம்பு தன் சாக்பீஸ் கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தால் இரண்டு வினாடி கூடும். அத்தோடு கார் போச்சு.

கர்ட் ஓடிப்போய் முழந்தாளிட்டுப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு ரேடியோ கரகரத்தது.

"நிக்குது. அடிப்பாகம் கோட்டைத் தொட்டுட்டு இருக்கு. அபராதம் கெடையாது."

ஹார்லன் என்னைக் கட்டிப்பிடித்தான். அதற்குள் வெர்ன் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"விதிப்படி கேக்கறேன், கோவிச்சுக்காத லோரெட்டா. போன வருஷம் வரைக்கும் எம்ல ஓடின காரு. அடியில படுத்து ஒரு தடவை நானே பாத்துடறேன்."

"பாருங்க வெர்ன். நல்லாப் பாருங்க. நான் பட்ட பாட்டை யாராவது பாக்க மாட்டாங்களான்னு ஏப்ரல்லேருந்து காத்திருக்கேன்."

வெர்ன் அரை மணி நேரம் பார்த்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒவ்வொன்றாக அவர் கேட்க, இது ஹேஸ்டிங்ஸ், இது அயோவா என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். முதுகெல்லாம் புழுதியோடு எழுந்த வெர்ன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு தப்பும் இல்லை. என் காரை விட இதுதான் சுத்தம். நான் போய் என்னோட காத்து வடிகட்டிப் பெட்டியைப் பழையபடி மாத்தணும், இப்பதான் நெனப்பு வருது" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹார்லன் காரிலிருந்து அந்த நாலு அட்டைகளை எடுத்துவந்து, எல்லோருக்கும் எதிரே கிழித்தான். லோரெட்டா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

பிறகு நான் ஒலிபெருக்கியில் முடிவுகளைப் படித்தேன். வகுப்புவாரியாகப் படித்து முடித்ததும், வழக்கப்படி, வகுப்பே பார்க்காமல் அன்றைக்கு ஓடிய அத்தனை பேரையும் நேர வரிசையில் படிப்போம். தாளை எடுத்ததும் எனக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வரவில்லை.

"ஒன்பதாவது, லோரெட்டா குசேரா, நாற்பத்தாறு புள்ளி ஒன்று. பத்தாவது, வெர்ன் டீட்ஸ், நாற்பத்தாறு புள்ளி மூன்று. பதினொன்றாவது, கர்ட் யென்சன், நாற்பத்தாறு புள்ளி நான்கு."

ஒல்லிச் சக்கரக் கார், டிரெய்லரில் வந்த காருக்கு இரண்டு இடம் முன்னால்.

"காலைல குளிரு. டயர் சூடே ஏறலை, பிடிப்பே இல்லை" என்றான் கர்ட். அவன் லோரெட்டாவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "ரஸ், சரியாப் படிச்சியா? இன்னொரு தடவை படி."

படித்தேன். அவன் கேட்காமலே மூன்றாவது தடவையும், ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்து.